ஐந்து வயது வித்தியாசத்தில் இரட்டையர்

நானும் என் தம்பியும் காரைக்காலில் ஒரே நாளில் பிறந்தவர்கள். நான் பத்து நிமிடம் முந்தி. சைகோனுக்கு வந்ததும் அப்பா அதை மாற்றிவிட்டார். சுங்க அலுவலகத்தில் வேலை வாங்க அவனுக்கு இருபது வயது என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது பதினைந்து என்றார். உண்மையில் இருவருக்கும் பதினேழு. வெளியாட்கள் முன்னால் அவனை நான் ‘அண்ணே’ என்று கூப்பிட வேண்டும். பற்றிக்கொண்டு வரும் எனக்கு!

என் கல்யாணம் நிச்சயமான மாதத்தில்தான் அவன் துறைமுகத்தில் மேலதிகாரியோடு மல்லுக்கு நின்று அவரைத் தள்ளிவிட்டான். விழுந்தவருக்குக் கை ஒடிந்தது. பதினெட்டு நிரம்பாதவன் என்று நிரூபித்தால் பெற்றோரிடமே ஒப்படைக்க வழியுண்டு, இல்லையென்றால் சிறைதான் என்றார் வக்கீல். அலுவலகப் பதிவிலோ இருபது!

எங்கள் ஞானஸ்நானப் பதிவின் நகல் அம்மாவின் பெட்டியடியில் இருந்தது. ஒரே தாளில் இருவர் பெயரும் பிறந்த தேதியும் அடுத்தடுத்து இருந்ததால் அப்பா அதைத் தொடவிடவில்லை.

“அதக் காட்டுனா ஒன் கல்யாணம் நின்னுடும்டி. காரைக்கால் மாதா கோயிலுக்கு எழுதியிருக்கேன், அவனுக்குத் தனிக் காயிதம் கப்பல்ல வரும்” என்றார்.

விசாரணை நாள் வந்தது. கப்பல் வரவில்லை.

அப்பா கோர்ட்டுக்குக் கிளம்பியதும் பெட்டியைக் கவிழ்த்தேன். தாள் கிடைத்துவிட்டது! குதிரைவண்டிக்காரனை விரட்டு விரட்டென்று விரட்டினேன். குதித்து இறங்கிய அவசரத்தில் ஒரு செருப்பு வண்டியோடு போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு உள்ளே ஓடி, வக்கீல் கையில் தாளைத் திணித்தேன். சம்பந்தி வீட்டு வழக்கென்று மாப்பிள்ளையின் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்பா பார்த்த பார்வைக்கு நான் சாம்பலாகியிருக்க வேண்டும்.

பிரெஞ்சுக்கார நீதிபதி படித்துவிட்டு நிமிர்ந்தார். கூடப் பிறந்தவள் நீதானா, உனக்கு என்ன வயது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

“பதினேழு, முசே! நாந்தான் மூத்தவ, பத்து நிமிசம்!”

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து போனார். அந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் தம்பியை அப்பாவிடம் ஒப்படைப்பதாக நீதிபதி சொன்னதும் குதிக்கத் தோன்றியது. குதித்தேன்.

வாசலில் ஊர்க்காரர்கள் கூடி நின்றார்கள். தம்பி நேரே என்னிடம் வந்து, செருப்பில்லாத என் காலைப் பார்த்தான். தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் வைத்தான்.

“போட்டுக்க, அக்கா” என்றான், அத்தனை பேருக்கும் கேட்கும்படி.