விதைக்கு விட்ட கொத்தமல்லி

இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கிடந்த கையகல மண்ணில் கொத்தமல்லி போட்டிருந்தேன். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். அந்த வருஷம் வீட்டில் ஒரே இந்தியாப் பேச்சு. என் கணவர் விடியற்காலையில் "போறோம்" என்பார். வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் நாலு பேரோடு பேசிவிட்டு வந்து "இங்கயே இருப்போம்" என்பார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மாமியார்தான் தெளிவாக இருந்தார், அப்படித்தான் நினைத்தேன்.

"கிள்ளாத புள்ள. விதைக்கு விடு. ஊருக்குக் கொண்டு போகணும்."

"அங்க கெடைக்காத கொத்தமல்லியா மாமி?"

"கெடைக்கும். நம்ம மண்ணுல வெளஞ்சது கெடைக்குமா?"

அவர் பிறந்ததே இந்தத் தோட்டத்தில். அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. எது நம்ம மண் என்று கேட்க வந்த வாயை அடக்கிக்கொண்டேன்.

கையைத்தான் அடக்க முடியவில்லை. நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறித்த கை, எந்தச் செடியில் நுனியைக் கண்டாலும் தானாகப் போய்க் கிள்ளிவிடும். பூவெடுக்க வந்த நுனிகள் பாதி அப்படித்தான் போயின. இருக்கிறோம் என்றால் ரசத்துக்கு ஆகும், போகிறோம் என்றால் மாமியாரின் விதை போச்சு. எது என்று தெரியாமல் ஒரு நாள் கிள்ளினேன், ஒரு நாள் விட்டேன். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

தப்பிய செடிகள் காய்ந்து பழுப்பேறிய சமயத்தில் முடிவும் வந்தது. மாமியார் மூத்த மகனோடு போகிறார். நாங்கள் இருக்கிறோம். இதை யார் முடிவு செய்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விதையைத் துணியில் முடிந்து அவருடைய பெட்டியில் வைத்தேன்.

புறப்படுகிற காலையில் "செத்த இருங்க" என்று சொல்லிவிட்டு அவர் பின்பக்கம் போனார். கால் கழுவப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அட்டனில் ரயிலேற்றிவிட்டு வந்து பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பாத்தி கொத்தித் தண்ணீர் தெளித்திருந்தது. நான் முடிந்து வைத்த துணி வேலிக்குச்சியில் வெறுமனே தொங்கியது. படிக்கல்லில் விதைத் தோல் கிடந்தது. காலால் தேய்த்து, இரண்டாகப் பிளந்து, முறையாக விதைத்திருக்கிறார். கொண்டு போக ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

என் மேல் கோபமா, பாசமா? கேட்க ஆளில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

முளைத்துத் தழைத்ததும் கை வழக்கம்போலப் போனது. இழுத்துக்கொண்டேன். அந்த முறை ஒரு நுனியைக்கூடத் தொடாமல் விதைக்கு விட்டேன். யாருக்கு என்றுதான் தெரியவில்லை.