ஆளில்லாத மலையும் அம்மாவின் பால்குடமும்

மலையைத் தேர்ந்தெடுக்கும்போது எனக்கு இருந்த ஒரே நிபந்தனை, அங்கே கூட்டம் இருக்கக் கூடாது என்பதுதான். ஆல்ப்ஸில் பேர்போன சிகரங்களுக்கு வரிசை பிடித்து ஏறுகிறார்கள். நாங்கள் பார்த்து வைத்தது அப்படி ஒன்றின் பக்கத்துச் சிகரம். உயரம் கொஞ்சம் குறைவு. ஒரு சரிவு முழுக்கப் பனியாறு. கோடையில்கூட உச்சியில் வேறு யாரையும் பார்க்கவில்லை என்று ஏறியவர்கள் எழுதியிருந்தார்கள். கீழ் வீட்டுத் தொலைக்காட்சியையும் மேல் வீட்டு நாற்காலி இழுபடுவதையும் கேட்டுக்கொண்டே மூவறை வீட்டில் பரீட்சைக்குப் படித்தவன் நான். அந்த ஒரு வரி எனக்குப் போதுமாக இருந்தது.

மூன்று பேர் போவதாகத் திட்டம். என் அலுவலக நண்பன், அவன் மனைவி, நான். அவர்கள் இருவரும் கோயம்புத்தூர்க்காரர்கள், இமயமலையில் ஏற்கனவே பனியில் நடந்தவர்கள். எனக்கு எல்லாமே புதிது. சிங்கப்பூரில் பனி ஏது, மலைதான் ஏது? புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் படிக்கட்டுதான் என் மலை. பையில் பாரம் ஏற்றிக்கொண்டு மேல்மாடிவரை ஏறுவேன். முழங்காலைக் காப்பாற்ற லிப்டில் இறங்குவேன். மறுபடி ஏறுவேன்.

ஒரு மாலை அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அரிசி மூட்டை எங்கடா?"

"பையில இருக்கும்மா."

"பையில எதுக்கு?"

"பாரத்துக்கு. ஏறிப் பழகணும்ல."

"அரிசிக்கு ஊரச் சுத்திக் காட்டுறியா? கொண்டா இங்க, உலை கொதிக்குது."

புதுப் பூட்ஸைக் காலுக்குப் பழக்க வேண்டும் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டே அம்மாவோடு தேக்கா சந்தைக்குப் போனேன். அடி வளையாத, கணுக்காலுக்கு மேலே வரும் பூட்ஸ். மீன் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஷிப்யார்டுல சேர்ந்துட்டீங்களா? டிகிரி எல்லாம் வேஸ்ட் லா!"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் சாரம் கட்டியவர். அந்தக் கனத்த பூட்ஸைத் தினமும் வாசலில் கழற்றி வைத்தவர். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா சன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "உங்கப்பா ஏறினது வயித்துக்கு. நீ எதுக்குடா ஏறுற?"

விருப்பத்துக்கு என்று சொல்ல நாக்குக் கூசியது.

எங்கள் வீட்டில் படிப்பைக் கடைசிவரை பார்த்தவன் நான்தான். அதனாலோ என்னவோ, எந்தப் பயத்தையும் விளக்கிச் சொன்னால் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை எனக்கு உண்டு. அன்று மாலை சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டை விரித்தேன். இதுதான் பனியாறு என்றேன். மூன்று கரண்டிகளை இடைவெளி விட்டு ஒரே நூலில் கட்டித் துண்டின் மேல் வைத்தேன். "பாரும்மா. பனிக்கு அடியில வெடிப்பு இருக்கும். மேல மூடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனாலதான் மூணு பேரும் ஒரே கயித்துல நடக்குறோம்." ஒரு கரண்டியை மேசை விளிம்புக்கு வெளியே தள்ளினேன். மற்ற இரண்டையும் கையால் அழுத்திக்கொண்டேன். கரண்டி அந்தரத்தில் ஆடியது.

"பாத்தியா, விழல. ரெண்டு பேரும் பிடிச்சுப்பாங்க. அப்புறம் மெதுவா மேல இழுத்துடலாம்."

அம்மா கரண்டியையே பார்த்தார். "தொங்குறது யாரு?"

"யாரா வேணா இருக்கலாம்மா."

"நீயா?"

"நானாவும் இருக்கலாம். ஆனா..."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அதுவரை அவர் என் பயணத்தைக் குளிர் ஊர்ச் சுற்றுலா என்றுதான் நினைத்திருந்தார். விழலாம் என்பதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதுவும் கரண்டி வைத்து.

மறுநாள் கோயிலுக்குப் போய் வந்தவர் நெற்றியில் திருநீற்றோடு சொன்னார்: "தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்குறதா வேண்டிக்கிட்டேன்."

அம்மாவின் இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. கடைக்குப் போனாலே பாதி வழியில் உட்கார இடம் தேடுவார். அதிகம் நடக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை அவருக்குத் தமிழில் எடுத்துச் சொன்னதே நான்தான். பால்குடம் என்றால் சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை, வெறுங்காலில், தார்ச் சாலையில், தலையில் குடத்தோடு.

"நான் திரும்பி வந்தப்புறம் எடுக்கலாமேம்மா. எல்லாரும் அப்படித்தானே வேண்டிக்குவாங்க? பயணம் ஆடி மாசம்தான்."

"கடன் சொல்லிட்டு வந்தா சாமி மறந்தாலும் மறந்துடும். முன்னாடியே குடுத்துட்டோம்னு வையி, முருகனுக்கு வேற வழியே இல்ல."

"அப்ப நான் போகல. போகலன்னு வச்சுக்க. இப்ப நீ எடுக்க வேணாம்ல?"

அம்மா என்னை விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சொன்னது சொன்னதுதான். நீ போனாலும் எடுக்கணும், போகாட்டியும் எடுக்கணும்."

"உனக்குப் பதிலா நான் எடுக்குறேன்."

"நம்பிக்கை இருக்கா உனக்கு?"

பொய் சொல்ல வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப பேசாம கூட நடந்து வா."

அப்பாவிடம் போனேன். அவர் இப்போது ஒரு கட்டடத்தில் காவலாளி. சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "அவ சொன்னா மாத்த மாட்டா" என்றார். சட்டையின் கையைத் திருப்பிப் போட்டார். பிறகு கேட்காமலே சொன்னார்: "எனக்கு உயரம்னா பயம்டா. கடைசி நாள் வரைக்கும் பயம்தான். உங்கம்மாகிட்ட சொன்னதில்ல."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார்.

தை பிறந்ததும் வீட்டில் விரதம் தொடங்கியது. அம்மாவுக்கு ஒருவேளைச் சோறு, வெறுந்தரையில் படுக்கை. தரையிலிருந்து எழ அவருக்குச் சுவரின் துணை வேண்டும். காலையில் அந்த முனகல் அறைக்குள் கேட்கும். நான் போர்வையை இழுத்துக்கொள்வேன். தசை கூட வேண்டும், புரதம் சாப்பிடு என்று நண்பன் சொல்லியிருந்தான். வீடு முழுக்கச் சைவம் என்பதால், படி ஏறி முடித்த கையோடு கீழே காப்பிக்கடைக்குப் போய்க் கோழிச் சோறு சாப்பிடுவேன். வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் லிப்டில் ஏறுவேன். அம்மா ஒரு நாளும் கேட்கவில்லை. "வேர்த்துப் போயிருக்க, மோர் குடி" என்பார்.

பயிற்சியை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவர் கால் வலிக்க வலிக்க என் கால் வலுவாகிக்கொண்டிருந்தது.

தைப்பூசத்தன்று காலை மஞ்சள் சேலையில் அம்மா குடத்தைத் தலையில் வாங்கினார். தேக்காவைத் தாண்டும்வரை நன்றாகவே நடந்தார். மேளமும் உருமியும் கூட்டமும் அவரைத் தூக்கிக்கொண்டு போயின. நான் தண்ணீர் போத்தலோடு பக்கத்தில் நடந்தேன். பிறகு வெயில் ஏறியது. அம்மாவின் இடது கால் தரையில் இழுபடத் தொடங்கியது. பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னே போனார்கள். அலகு காவடி எடுத்தவர்களே கடந்து போனார்கள்.

டோபி காட் அருகில் அம்மா நின்றுவிட்டார். உதடு வெளுத்திருந்தது.

"குடத்த என்கிட்ட குடும்மா. கொஞ்சம் உக்காரு."

"எறக்கக் கூடாது."

"யாரும்மா பாக்கப் போறா?"

"யாரு பாக்கணும்? வேண்டிக்கிட்டது நானு."

பக்கத்தில் வந்த ஒரு பெண்மணி, அம்மாவின் வயதுதான் இருக்கும், என்னை அதட்டினார்: "தம்பி, பேச்சுக் குடுக்காதீங்க. முதுகுக்கு ஒரு கை குடுங்க, போதும்." நான் உள்ளங்கையை அம்மாவின் முதுகில் வைத்தேன். சேலை நனைந்திருந்தது. அவர் பாரம் முழுவதையும் என் கையில் சாய்க்கவில்லை. கொஞ்சம்தான் சாய்ந்தார். அப்படியே ஒரு அடி, நிற்பது, இன்னொரு அடி. என்னால் அவரைத் தூக்கிக்கொண்டே ஓடியிருக்க முடியும். அத்தனை மாதம் அதற்குத்தானே பழகினேன். அந்தச் சாலையில் அந்தப் பலத்துக்கு ஒரு வேலையும் இல்லை.

கோயிலில் குடத்துப் பால் முருகன் தலையில் இறங்கியதை அம்மா பார்த்தாரா என்று தெரியவில்லை. கண்ணை மூடியிருந்தார்.

மதியம் வீடு திரும்பி அவரைச் சோபாவில் படுக்க வைத்தேன். இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. பனிக்கட்டிப் பையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தபோது நண்பன் அழைத்தான். என் கை ஈரமாக இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் கால்மாட்டில் வைத்தேன்.

"டேய், மலைக் குடில்ல மூணு பேருக்கு இடம் இருக்குதாம். இப்பவே சொல்லணும். போடட்டுமா?"

"இல்லடா. நான் வரல. நீங்க ரெண்டு பேரும் வேற யாரையாச்சும் சேத்துக்கங்க."

அவன் பதில் சொல்வதற்குள் அம்மா தலையைத் தூக்கினார்.

"என்னடா சொல்ற? அப்ப நான் எதுக்குடா நடந்தேன்? போயிட்டு முழுசா வந்து நில்லு. அதுக்குத்தானே நடந்தேன்."

எதிர்முனையில் நண்பன் சிரிப்பை அடக்குவது கேட்டது. "அம்மாவே சொல்லிட்டாங்கல்ல, அப்புறம் என்னடா?"

எனக்கு உள்ளே ஒரு குதூகலம் கிளம்பியது. அதை நான் மறைக்கவில்லை என்று சொன்னால் பொய். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கை ஈரத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு, போனை எடுத்து அறைக்குள் போய்ப் பேசியிருக்கலாம். அம்மாவுக்குக் கேட்காமல் வேண்டாம் என்று முடித்திருக்கலாம். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வர வேண்டும் என்றே கால்மாட்டில் வைத்தேனோ என்று இப்போதும் தோன்றுகிறது. தோன்றுவது என்ன, அப்படித்தான்.

"சரி, மூணு பேருக்கும் போட்டுடு" என்றேன்.

"இந்தக் கால் மரத்துப் போச்சு, அந்தப் பக்கம் வை" என்றார் அம்மா. பனிக்கட்டிப் பையை எடுத்து மறு முழங்காலில் வைத்தேன். அவர் முகத்தைப் பார்க்காமலே வைத்தேன்.