கர்னலும் நினாவும் கறிக்கு மாறிய கதை

பிறர் வீட்டுப் பிராணிக்குத் தீனி வைக்கும் தொழிலில், தின்பது பிராணி. பதில் சொல்வது நாம்.

தில்லியில், ஜங்புராவில் இருந்த ஒரு பிராணி மருத்துவமனையில் நான் உதவியாளராகச் சேர்ந்தது 2003-இல். விலங்கியலில் பி.எஸ்சி. முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். வேலை நடந்து போகிற தூரம். நாங்கள் குடியிருந்த மதராசி கேம்ப்பிலிருந்து கால் மணி நேரம். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாக டாக்டர் மேடம் சொல்லியிருந்தார். என் அம்மா அதில் 'பார்த்துவிட்டு' என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். உங்கள் வீட்டிலும் முதல் பட்டதாரி நீங்கள்தான் என்றால், இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இரண்டு விருந்தாளிகள்

நான்கரை மாதம் ஆனபோது, ஒரு தூதரகத்தில் வேலை பார்க்கும் மார்த்தா என்ற வெளிநாட்டுப் பெண்மணி ஒரு கூண்டோடு வந்தார். உள்ளே இரண்டு ஃபெரட்டுகள். கீரியைப் போல நீள உடம்பு, குட்டைக் கால், ஓயாத மூக்கு. பழுப்பு நிற ஆணுக்குப் பெயர் கர்னல். பாதி உடம்பே இருக்கும் பெண்ணுக்குப் பெயர் நினா. அவளுக்கு மோவாயெல்லாம் வெள்ளை. மார்த்தாவின் தாயாருக்கு ஆபரேஷன். ஆறு வாரம் ஊருக்குப் போகிறார். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த உருண்டைத் தீனி அரை மூட்டைதான் மிச்சம். தில்லியில் அது கிடைக்காது. பூனைத் தீனி கொடுத்துப் பார்த்ததில் இரண்டுக்கும் வயிறு கெட்டது. அதனால் இந்த ஆறு வாரத்துக்குள் இரண்டையும் பச்சைக் கறிக்கு மாற்றிவிடுவது என்று மேடமும் அவரும் முடிவு செய்திருந்தார்கள். பொறுப்பு என்னுடையது.

வெறும் சதை போதாது. எலும்பு, ஈரல், இதயம் ஒவ்வொன்றும் அளவோடு சேர வேண்டும். இந்தப் பிராணி எது உணவு என்பதைக் குட்டியாக இருக்கும்போதே வாசனையால் முடிவு செய்துவிடும். பிறகு வேறொன்றை வைத்தால் அது உணவு என்றே அதற்குத் தோன்றாது. பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரவும் முடியாது. சில மணி நேரம் வயிறு காய்ந்தாலே ஆபத்து. ஆகவே பழைய தீனியில் கறியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, தினமும் எடை பார்க்க வேண்டும். இதையெல்லாம் மார்த்தா வேகமான ஆங்கிலத்தில் விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் நிதானமாகச் சொன்னார்: "நான் கேட்டது, இதற்கு முன்னால் உன்னை ஏதாவது கடித்திருக்கிறதா என்று. நீ மூன்று தடவை யெஸ் மேடம் என்றாய்."

போகல் கறிக்கடை

போகல் மார்க்கெட்டில் யூனுஸ் பாய் கடையில்தான் கோழிக்கறி வாங்குவேன். செவ்வாய்க்கிழமை கடை கிடையாது. அதற்கும் சேர்த்துத் திங்கள் அன்றே வாங்கிவிட வேண்டும். மேடம் எழுதிய அட்டவணையைப் பார்த்து, "ஐம்பது கிராம் ஈரல், நாலு இதயம், ரெண்டு கழுத்து" என்று கேட்பேன். முதல் வாரம் என்னை இரக்கத்தோடு பார்த்து, காசு வாங்காமல் இரண்டு கோழிக்கால் சேர்த்துப் போட்டார். எங்கள் வீட்டு நிலைமை அவ்வளவு மோசம் என்று நினைத்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "அச்சா, நேவ்லா மாதிரி" என்றார். கீரியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அன்று முதல் ஈரலைத் தராசில் வைத்து ஒரு துளிகூடக் கூடாமல் நறுக்கிக் கொடுத்தார். ஒருநாள் அட்டவணையை என் கையிலிருந்து வாங்கி, ரத்தம் படாமல் விரல் நுனியில் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை நான் இவ்வளவு ஒழுங்காகப் பார்த்ததே இல்லை, மகளே."

காலித் தட்டு

முதல் நான்கு நாளும் தட்டு காலி. 'முழுவதும் தின்றன' என்று நான்கு நாளும் பதிவேட்டில் எழுதினேன். ஐந்தாம் நாள் அந்த அறைக்குள் யாராலும் நிற்க முடியவில்லை. கம்பவுண்டர் ராம்பால் முட்டைகூடத் தொடாதவர். துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு கூண்டிலிருந்த கம்பளியை ஒரு குச்சியால் தூக்கினார். நான்கு நாள் கறியும் அங்கே இருந்தது. கர்னல் உருண்டைகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, கறியை வாயில் கவ்விக் கொண்டுபோய் ஒரு மூலையில் வரிசையாக அடுக்கி மூடியிருந்தான்.

எழுதியதை அழிக்கவில்லை. நான்கு இடத்திலும் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'ஒளித்தன' என்று எழுதி மேடத்திடம் காட்டினேன். பக்கத்தில் நின்ற ராம்பால் சொன்னார்: "உன் கர்னல் சாப்பிடவில்லை, மகளே. ரேஷன் பதுக்குகிறான்."

மஞ்சள்

மூன்றாவது வாரம் பாதி உருண்டை, பாதி கறி என்ற கட்டத்துக்கு வந்தோம். விரலில் வைத்து நீட்டினால் கர்னல் முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்ன ஆரம்பித்திருந்தான். நினா தட்டருகே வருவாள், முகர்வாள், மோவாயைத் தட்டில் தேய்த்துவிட்டுப் போய்விடுவாள். கலந்து வைத்ததால் உருண்டையையும் ஒதுக்கினாள். வந்த அன்று 720 கிராம் இருந்தவள் 690, 665, 640 என்று இறங்கினாள்.

ஒரு வியாழக்கிழமை காலை மேடம் அவளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வாயைத் திறக்க நினா விடவில்லை. ஆனால் உதட்டோரமும் வெள்ளை மோவாயும் மஞ்சளாக இருந்தன. மேடத்தின் குரல் தாழ்ந்தது. "காமாலை மாதிரி இருக்கிறது. நாலு மணிக்கு மயக்க மருந்து கொடுத்து ரத்தம் எடுக்கலாம். இந்த எடையில் தாங்குவாளா என்று சொல்ல முடியாது. மார்த்தாவிடம் முதலில் கேட்க வேண்டும்" என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குக் கறியைத் தயார் செய்யப் போனேன். கறியைப் பேசினில் போட்டு, ஒரு சிட்டிகை மஞ்சள் தூள், கொஞ்சம் உப்பு போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீர் விட்டு அலசினேன். மூன்று வாரமாக அப்படித்தான். கை துடைக்கும்போது நகக்கண்ணைப் பார்த்தேன், அதுவும் மஞ்சள். ஈரப் பஞ்சை எடுத்துப் போய் நினாவின் மோவாயைத் துடைத்தேன். பஞ்சு மஞ்சளாயிற்று. மோவாய் வெளுத்தது.

மஞ்சள் போட்டுக் கழுவுவது சமையலில் சேரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கள் வீட்டில் கறி என்றால் அப்படித்தான் சுத்தமாகும். அதிலும் பச்சையாகத் தின்னப் போகிறவை. கிருமி இருக்கக் கூடாதே என்று ஒரு தண்ணீர் கூடுதலாகவே விட்டிருந்தேன். குளிக்கும்போது சோப்பு போட்டேன் என்று யாராவது டைரியில் எழுதுவார்களா? நானும் எழுதவில்லை.

பஞ்சைக் குப்பையில் போட்டு, நாளையிலிருந்து கழுவாமல் வைத்தால் யாருக்கும் தெரியாது. அப்படிச் செய்யலாமா என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். அந்த யோசனையை மறைத்துவிட்டு இந்தக் கதையை எழுதுவதில் அர்த்தமில்லை. ஆனால் என் கணக்கு தவறாகி, உண்மையிலேயே காமாலையாக இருந்தால்? நான் துடைத்தது நோயின் அடையாளத்தை அல்லவா? மேலும் மூன்று வாரத்தில் போகக்கூடிய வேலை இன்றே போகும், அவ்வளவுதான் வித்தியாசம். பஞ்சையும் பேசினையும் எடுத்துக்கொண்டு போனேன். மேடம் போனில் எண்களை அழுத்திக்கொண்டிருந்தார். சொன்னேன். போனை வைத்தார்.

"பச்சையாக வை என்று சொன்னேனே?"

"பச்சையாகத்தான் வைத்தேன், மேடம். கழுவித்தான்..."

"மஞ்சள் போட்டா?"

"கொஞ்சம் உப்பும்."

மேடம் பேசினை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மேஜையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இஞ்சி பூண்டு ஒன்றுதான் பாக்கி."

போனில் ஆறு வரி

ரத்தம் எடுப்பது மறுநாளுக்குத் தள்ளிப்போனது. கழுவாத இதயத்தை நறுக்கி வைத்தேன். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. நினா ஒருமுறை நக்கிவிட்டுப் போய்ப் படுத்தாள். உருண்டையைப் பொடித்து, வெந்நீரில் குழைத்து, கறியின் ரத்தத்தில் ஒரு சொட்டு விட்டு, விரலால் மணிக்கொரு தரம் கொடுத்தேன். சாயங்காலம் இதயத்தில் கால் பங்கு தின்றாள். மறுநாள் காலை 645. வாயைத் திறந்து பார்க்கவும் விட்டாள். ஈறு இளஞ்சிவப்பாக இருந்தது. ஊசி தேவைப்படவில்லை.

"செய்தவள்தான் சொல்ல வேண்டும்" என்று மேடம் மார்த்தாவின் எண்ணைப் போட்டு போனை என் கையில் கொடுத்துவிட்டார். ஆங்கிலத்தில் முன்னதாகவே எழுதி வைத்திருந்த ஆறு வரியைப் படித்தேன். பிறகு மார்த்தா சொன்னார்: "நானும் டாக்டரும் எத்தனையோ எழுதிக் கொடுத்தோம், கழுவாதே என்று எழுதவில்லை. ஆனால் நினா செத்துப்போயிருந்தால் இதை என்னால் சொல்லியிருக்க முடியாது."

வீட்டில்

நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். வேலை போகுமா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கவலை வேறாக இருந்தது. காலையில் மூன்று வீட்டுச் சமையலறையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தவள். "கழுவாத கறிய வெக்கிற எடத்துல எம்பொண்ணு வேல பாக்குதுன்னு நான் வெளிய சொல்ல மாட்டேன்மா."

நான்கு தாள்

ஆறாவது வாரம் உருண்டை மூட்டையின் மிச்சம் மூலையில் கிடந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. இரண்டும் எலும்போடு கழுத்தைக் கடித்து நொறுக்கின. நினா 735. மார்த்தா வந்து தூக்கியபோது அவர் கைக்கடிகாரத்தைக் கடித்தாள். மார்த்தா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அது மன்னிப்பா வணக்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் போனதும் மேடம் என்னைக் கூப்பிட்டார். அடுத்து ஃபெரட் வந்தால் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளும்படி எல்லாவற்றையும் எழுது, எழுத அவசியமில்லை என்று தோன்றுவதையும் எழுது என்றார். நான்கு தாள் எழுதினேன். கறியைக் கழுவக் கூடாது. மஞ்சள், உப்பு, தயிர், எலுமிச்சை எதுவும் கூடாது. கத்தியைச் சோப்பு போட்டுக் கழுவலாம், சோப்பு வாசனை போகும்வரை அலச வேண்டும். ராம்பால் பாடினால் கர்னல் தட்டை விட்டுப் போய்விடுகிறான். இந்தக் கடைசி வரி மரியாதைக் குறைவோ என்று பயந்து, அடித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

மேடம் நான்கு தாளையும் வாசித்தார். வருகைப் பதிவேட்டை இழுத்து, தற்காலிகமாகப் பென்சிலில் இருந்த என் பெயரின் மேல் பேனாவால் எழுதினார். "அடிக்காதே. எனக்குத் தெரியாமல் இருந்தது அது ஒன்றுதான்."

வாயில்லா ஜீவன் என்று யார் பெயர் வைத்தார்களோ, மஞ்சள் வாசனை பிடிக்காமல் ஒதுங்கி நினா முதல் நாளே சொன்னதைக் கேட்டுக்கொள்ள எனக்குத்தான் மூன்று வாரம் ஆயிற்று.