காற்று மெஷினும் வடாம் வேட்டியும்

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு கத்திரி வெயில் காலத்தில் நடந்தது இது. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு மேற்கே எங்கள் வீடு. முன்பக்க ஜன்னலைத் திறந்தால் எஸ்டேட்டின் புகைக்குழாய்கள் தெரியும். பின்கதவைத் திறந்தால் ஏரி. வீட்டுக்காரர் போன பிறகு, மொட்டை மாடியில் கூழ் வடாம் ஊற்றிக் கடைகளுக்குப் போட்டுத்தான் என் ஒரே மகனை ஆளாக்கினேன். என் வடாத்தைப் பொரித்தால் வெள்ளை வெளேர் என்று இருக்கும், ஒரு கறுப்புப் புள்ளி இருக்காது. அதற்காகவே ஆவடி வரைக்கும் கடைக்காரர்கள் என்னிடம் கேட்டு வாங்குவார்கள்.

மகனுக்குக் கல்யாணம் ஆகி மருமகள் வந்தாள். முகப்பேர்ப் பெண். நல்ல குணம், வாய் கொஞ்சம் துடுக்கு. எனக்கு அது பிடிக்கும். வந்த கொஞ்ச நாளிலேயே அவளுக்கு இழுப்பு ஆரம்பித்தது. காலையில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள், சாயங்காலம் ஆனால் மூச்சு வாங்கும். அதற்குள் வயிற்றிலும் பிள்ளை உண்டாகிவிட்டது. டாக்டர் மருந்து கொடுத்து, தூசியும் புகையும் ஆகாது என்று சொல்லி அனுப்பினார்.

சம்பந்தியம்மாள் பார்க்க வந்தார். மகளின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்டு அவருக்குப் பொறுக்கவில்லை.

"காத்த சுத்தம் பண்ற மெஷின் வந்துகீதாம். அத்த வாங்கி வையுங்க. இல்லாங்காட்டி பொண்ண இப்பவே இட்டுகினு போறேன். எங்க பக்கத்துல ஒரு போர்ஷன் காலியா கீது. மாப்பிள்ளையும் அங்கயே வந்துடட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை, பெற்ற வயிறு சொன்னது. ஆனால் எனக்குத் தெரியும், முகப்பேர் போனால் போனதுதான். அப்புறம் நானும் என் வடாமும் மட்டும்தான்.

மகன் சொல்லி அனுப்ப, மறுநாளே மெஷின் விற்கிற தம்பி வந்தார். கழுத்தில் டை. ஷூவை வாசலில் கழற்றியதும் சாக்ஸ் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. மருமகளை ஏரிப் பக்கம் அனுப்பிவிட்டு, கதவு ஜன்னலைச் சாத்தச் சொல்லி, ஒரு கொத்து ஊதுவத்தி கொளுத்தி அறை முழுக்கப் புகை போட்டார். மெஷினைத் தட்டிவிட்டதும் புகையெல்லாம் போன இடம் தெரியவில்லை. ராத்திரி தங்கியிருந்த சம்பந்தியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகன் தவணைக்குக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தே விட்டான்.

நான் நோட்டீசை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். பாதி புரியவில்லை.

"தம்பி, நாலு நாளு வுட்டுட்டுப் போ. மாப்பிள்ளைன்னாலும் விசாரிச்சுட்டுத்தான பொண்ணு குடுப்போம்?"

அவர் சிரித்தார். "வெள்ளிக்கிழமை வர்றேம்மா. அதுக்குள்ள மாமியார் மருமவ ரெண்டு பேருக்கும் புடிச்சுப் போவும் பாருங்க."

பிடிக்கத்தான் செய்தது, காலை முழுக்க. மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று வந்தது. நம்ம பட்டணத்தில் கடல் காற்று வந்தால் எவர் வீட்டில் ஜன்னல் சாத்துவார்கள்? வெந்து கிடந்த உடம்புக்கு அதுதானே உயிர். எல்லா ஜன்னலையும் விரியத் திறந்து, பிள்ளைத்தாச்சியாயிற்றே என்று மருமகளை முன் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். மெஷின் பாட்டுக்கு ஓடியது. இழுப்பு பாட்டுக்கு வந்தது.

மறுநாள் ஜன்னலைச் சாத்திப் பார்த்தோம். வெக்கை தாங்காமல் அவள் வேர்த்து நனைந்துவிட்டாள். "அத்த, இழுப்புல சாவறதா வெந்து சாவறதான்னு கேக்கற மாதிரி கீது," என்றாள். வாயில் அடித்தேன், செல்லமாகத்தான்.

அன்றைக்கு அவளை மாடிப்படி நிழலுக்கு அழைத்துப்போய் உட்கார வைத்துவிட்டு, வடாம் ஊற்றிய வேட்டிகளை அவசர அவசரமாகச் சுருட்டாமல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் காயவே இல்ல, வெயிலும் கீது. இன்னாத்துக்கு அத்த இந்த ஓட்டம்?"

"கடக் காத்து வர்றதுக்குள்ள எடுக்கணும்டி. அது எஸ்டேட்டு மேலதான வருது? வடாம் மேல கரி வுழும்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். வேட்டி கையில் இருக்கிறது. அவளும் என்னையே பார்க்கிறாள்.

"அத்த," என்றாள் மெதுவாக, "வடாத்துக்கு ஆவாத காத்துதான் எனக்கும் ஆவலியோ?"

எத்தனை வருஷமாக என் கை அறிந்த விஷயம். வடாத்தை அந்தக் காற்றிலிருந்து காப்பாற்றியவள், இந்தப் பெண்ணை அதற்கு எதிரே உட்கார வைத்து விசிறாத குறை. ஒரு வேட்டியை மட்டும் வேண்டுமென்றே வெயிலில் விட்டேன். பொழுது சாய எடுத்துப் பார்த்தால், வெள்ளை வடாத்தில் எள் தூவினது போலக் கரி.

அதற்கு மேல் நான் யாரையும் கேட்கவில்லை. காற்று திரும்புகிற நேரம் பார்த்து முன் ஜன்னலைச் சாத்தி, இடுக்கு மறைய ஈர வேட்டி தொங்கவிட்டேன். ஏரிப் பக்கக் கதவைத் திறந்து வைத்தேன், வெக்கை இறங்கியது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் இனி வாசலோடுதான் என்று முடிவு செய்தேன். கொசுவத்தியைத் தூக்கிப் போட்டு வலை கட்டினேன். டாக்டர் மருந்தை மட்டும் நிறுத்தவில்லை. இழுப்பு ஒரேயடியாகப் போகவில்லை. ஆனால் அந்தப் பெண் சாயங்காலத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசினாள்.

வெள்ளிக்கிழமை தம்பி வந்தார். சம்பந்தியம்மாளும் முகப்பேரிலிருந்து வந்துவிட்டார். தம்பி ஜன்னல் வேட்டியை விரலால் தொட்டு, கறுத்த விரலைப் பார்த்தார். பிறகு மெஷினின் பின்மூடியைக் கழற்றி உள்ளே இருந்ததைக் காட்டினார்.

"இதுக்குள்ள கீறதும் ஒரு மாதிரி வடிகட்டுற துணிதாம்மா. இது இன்னும் சன்னம், அவ்ளோதான். எந்நேரமும் மூடியே கீற ஊட்டுக்கு இது நல்ல பொருளு. உங்களுது தொறந்த ஊடு. வாங்குனா எனக்குத்தான் லாபம்."

விற்க வந்த இடத்தில் அப்படிச் சொல்ல மனசு வேண்டும். அவருக்கு வடாம் பொரித்து வைத்தேன்.

சம்பந்தியம்மாள் விடவில்லை. "பழந்துணிய நம்பி என் பொண்ண வுட்டுட்டுப் போவ சொல்றீங்களா?"

நான் பதில் சொல்ல வாய் திறக்குமுன் மருமகள் முந்திக்கொண்டாள். "துணிய நம்பி இல்லம்மா. வடாத்துல ஒரு கரி வுழ வுடாதவங்க, என்ன வுட்டுடுவாங்களா? நான் இங்கயே கீறேன்."

சம்பந்தியம்மாள் வடாம் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு ஒரு வடாத்தை எடுத்துக் கடித்தார். "உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றார். சமாதானம் ஆகிவிட்டார் என்று தெரிந்தது.

வளைகாப்பு முடிந்து முறைப்படி தாய்வீடு போனவள், பேத்தியோடு இந்த வீட்டுக்கேதான் திரும்பி வந்தாள். அந்தப் பேத்தி இப்போது தன் ஏசி அறைக்கு அதே மாதிரி மெஷின் வாங்கலாமா என்று கேட்கிறாள். தாராளமாக வாங்கு, முதலில் உன் ஜன்னல் எந்தக் காற்றைப் பார்த்து நிற்கிறது என்று பார் என்றேன். மத்தியானம் காற்று திரும்பினால் இன்றும் என் கை தானாக முன் ஜன்னல் கொண்டிக்குப் போகிறது. அதைப் போடும் ஒவ்வொரு முறையும், என் வீடு கலையாமல் நின்றது எவரும் வந்து விற்காத ஒன்றால்தான், அது என் கையிலேயே இருந்தது என்று நெஞ்சு நிமிர்ந்துகொள்கிறது.