ஆயுத பூஜைக்குப் போன பிரிண்டர்

எந்தக் கம்ப்யூட்டரையும் தொடுவதற்கு முன்னால் பிரின்சி ஒரு கேள்வி கேட்பாள். "கடைசியா என்ன செஞ்சீக?" எல்லோருக்கும் ஒரே பதில்தான், "ஒண்ணுமே செய்யலையே!" அதை அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

தேனி பஜாரில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. கல்லாவில் உட்கார வேண்டிய பெண், கடைக்காரர்கள் மூலையில் போட்ட பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் மென்பொருளை ஏற்றி ஓட வைத்துக்கொண்டிருந்தாள். "ஓசிச் சரக்கு" என்று பஜாரே கேலி பேசியது. "காத்தும் ஓசிதாண்ணே, மூச்சு விடலையா?" என்று சுடச்சுடத் திருப்பிக் கொடுப்பாள். வாய்க்கேற்ற கையும் அவளுக்கு இருந்தது.

சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டக்காரி மகாலட்சுமிக்கு லேபிள் பிரிண்டர் மாட்டிக் கொடுத்தது அவள்தான். லினக்ஸா, எங்களுக்குத் தெரியாது என்று கம்பெனி கைவிரித்த மாடல் அது. ஒத்துவரும் டிரைவர் மென்பொருளைத் தேடிப் பிடித்து, ஸ்டிக்கர் அளவை மாற்றி மாற்றிப் போட்டு, எழுத்து ஓரத்தில் வெட்டுப்படாமல் விழுகிறவரை அவள் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

மகாலட்சுமி அதுவரை மண்டிக்காரர் பேரில் திராட்சை அனுப்பியவள். இப்போதுதான் முதன்முறையாகத் தன் பேரில் கொச்சிக்கு லோடு. பேரும் பறித்த தேதியும் ஒட்டாத பெட்டியை அங்கே இறக்கவே மாட்டார்கள். லோடு கிளம்ப வேண்டிய விஜயதசமி காலையாகப் பார்த்து, பிரிண்டர் மக்கர் பண்ணியது.

பிரின்சி ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோது, விடிகாலையில் பறித்த திராட்சை பெட்டி பெட்டியாக நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "சேச்சி, நேரம் போயி" என்று மலையாளி லாரி டிரைவர் முணுமுணுத்தார்.

மகாலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏத்தா, உன்னய நம்பித்தான இத வச்சேன்!"

பிரின்சிக்குச் சுருக்கென்றது. இன்று லோடு நின்றால், ஓசிச் சரக்கு என்றவர்கள் சொன்னதுதான் நிஜம் என்றாகிவிடும்.

"கடைசியா என்ன செஞ்சீக?"

"ஒண்ணுமே செய்யலையே" என்றார் மகாலட்சுமியின் கணவர் வேல்பாண்டி.

பிரிண்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன.

"அண்ணே, நேத்து இதக் கழட்டிச் சாமிகிட்ட வச்சீகளா?"

"ஆமா. தராசு, கத்திரியெல்லாம் அங்கனதான் வச்சோம்."

"அந்த நேரத்துல யாரு பிரிண்ட் குடுத்தது?"

வேல்பாண்டி தலையைச் சொறிந்தார். "காலையில அவசரமாகுமேன்னு... நாந்தான் மொத்த லோடுக்கும் அமுக்கினேன். அது வரவே இல்லையே!"

விஷயம் பிடிபட்டுவிட்டது. கேபிள் இல்லாத பிரிண்டருக்கு வேலை வந்ததால், லினக்ஸ் அதை நிறுத்தி வைத்துவிட்டது. திரும்ப மாட்டினாலும், சொன்னால்தான் அது எழும். பிரின்சி உடனே எழுப்பிவிடவில்லை. நேற்றைய தேதி போட்ட லேபிள்கள் அச்சாகக் காத்து வரிசையில் முதல் ஆளாக நின்றன. அவை ஓடினால் இருந்த ஒரே ஸ்டிக்கர் ரோலும் காலி. முதலில் வரிசை முழுவதையும் துடைத்தாள். அப்புறம்தான் பிரிண்டருக்கு உத்தரவு கொடுத்தாள்.

"நீங்களே அமுக்குங்கக்கா."

'மகாலட்சுமி திராட்சை, சுருளிப்பட்டி' என்று இன்றைய தேதியோடு லேபிள் வந்தது. முதல் பெட்டியில் மகாலட்சுமியே அதை ஒட்டினாள். லாரி கிளம்பியது.

வேறு ஆளாக இருந்தால், மெஷினுக்கெல்லாம் எதற்குப் பூஜை என்று ஒரு பிரசங்கமே வைத்திருப்பார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பிரின்சி, "சாமிகிட்ட கொண்டு போறதுக்கு முந்தி அதுக்கு லீவு சொல்லிருங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். நிறுத்தவும் எழுப்பவும் மகாலட்சுமியையே டைப் அடிக்க வைத்துப் பழக்கிவிட்டுத்தான் போனாள்.

அடுத்த விஜயதசமியன்று மகாலட்சுமியின் போன் வந்ததும் பிரின்சி பையைத் தூக்கிவிட்டாள்.

"என்னக்கா, பிரிண்டரா?"

"அதுக்கு நேத்தே லீவு விட்டு, காலையில நானே எழுப்பிட்டேன். லோடும் போயிருச்சு. உனக்குப் பொரிகடல எடுத்து வச்சிருக்கேன். சும்மா வந்துட்டுப் போத்தா."

பிரின்சி டூல் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.