மெழுகு தேய்த்த பக்கம்

தொண்ணூறுகளில் நாங்கள் பெசன்ட் நகரில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தோம். எங்கள் மாடியில் இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது, அலையில் நின்று போகும் பலகைகள் இரண்டைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஒன்று குட்டை, கூர்மூக்கு, சிவப்புக் கோடு. பார்த்தவுடன் கையைப் பிடித்து இழுத்தது. இன்னொன்று நீளமாக, தடிமனாக, பழுப்பேறிப்போய்க் கழற்றிப் போட்ட கதவு மாதிரி இருந்தது. நான் சிவப்பைத் தொட்டேன். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அகலமும் கனமும்தான் வேண்டும், அதுதான் ஆளைத் தாங்கும் என்றார். அடியில் பொருத்த மீன் துடுப்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஃபின், காலில் கட்டிக்கொள்ள ஒரு கயிறு, இரண்டையும் கொடுத்தார். "மெழுகு தேய்க்காமல் இறங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு டாக்சி ஏறிவிட்டார்.

பலகை எனக்கில்லை, என் மனைவிக்கு. சாந்தோமில் பிறந்து அண்ணன்களோடு கடலிலேயே கிடந்தவள். ஆட்டோ இடித்து முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கைத்தடி இல்லாமல் வாசலைத் தாண்டியதில்லை. கால் குணமாகிவிட்டது, தடியை விட்டுவிடலாம், நீந்தலாம் என்று டாக்டர் சொல்லிப் பல மாதமாகியும், அவளுக்குக் காலின் மேல் நம்பிக்கை வரவில்லை. அந்தக் கதவைப் பார்த்ததும்தான் முகம் மாறியது.

"ஒரே ஒரு தடவை அதுல நிக்கணுங்க."

விழுந்தால் இனி நாற்காலியை விட்டே எழுந்திருக்க மாட்டாள். வேண்டாம் என்றாலும் அதே கதிதான்.

சனிக்கிழமை கூடத்தில் பலகையைக் கவிழ்த்துப் போட்டு ஃபின்னை முடுக்கினேன். கயிற்றை எந்தக் காலில் கட்டுவது? இழுத்தால் நல்ல காலையே இழுக்கட்டும் என்று முடிவு செய்தேன். மாதா கெபிக்கு ஏற்றி மீந்த மெழுகுவத்தித் துண்டுகளை அவள் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள். நானோ பழுத்த கேரம் ஆட்டக்காரன். காய் வழுக்கப் பவுடர், பலகை வழுக்க மெழுகு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அடிப்பக்கம் முழுக்க அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். கை வலித்தது, பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் காலை, பூசை முடிந்து வந்ததும் இறங்கினோம். கைத்தடியை மணலில் நட்டு அதன் மேல் துண்டைப் போட்டாள். வலையை உதறிக்கொண்டிருந்தவர், "இன்னா சார், வீட்டுக் கதவைக் கயட்டிக்கினு வந்துட்டியா?" என்றார்.

இடுப்பளவுத் தண்ணீரில் அவள் பலகையில் குப்புறப் படுத்தாள். வெள்ளை நுரையாக ஓர் அலை வந்தது. தள்ளினேன். கையை ஊன்றி எழுந்தாள், இரண்டு காலும் சர்ரென்று வழுக்க, தொப்பென்று விழுந்தாள். முழங்கால் போயே போச்சு என்று நினைத்தேன்.

தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள். "இதுல சோப்பு கீப்பு போட்டீங்களா?" என்று கேட்டபடி பலகையைத் தடவிப் பார்த்தாள். கை அடிப்பக்கம் போய் நின்றது.

"இங்க எதுக்கு மெழுகு?"

"வழுக்கத்தான்."

"ஐயோ, வழுக்காம நிக்கத்தாங்க மெழுகு! மேல, கால் வைக்கிற எடத்துல!"

சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. பையில் கிடந்த மிச்சத் துண்டை எடுத்து, கரையில் உட்கார்ந்து இருவரும் மேல்பக்கம் தேய்த்தோம்.

இந்தத் தடவை நின்றாள். முழங்காலை மடக்கி, கையை விரித்து, கரை தட்டும்வரை. தானே இறங்கி, "பார்த்தீங்களா?" என்றாள். எனக்குக் கண்ணில் உப்புத் தண்ணீர். கடலின் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

வெயில் ஏறியதும் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். அவள் முன்னால், நான் பின்னால். எங்கள் தெரு திரும்பும்போதுதான் கவனித்தேன்: அவளுடைய இரண்டு கைகளும் பலகையில் இருந்தன. கைத்தடி துண்டோடு மணலிலேயே நின்றுகொண்டிருக்கும். சொன்னால் நினைவு வந்துவிடுமே என்று பயந்து, வாயை இறுக்க மூடிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தேன்.