கம்பியைப் பிடித்து நின்றவர்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுப்பது என் தொழில். புது கிராபிக்ஸ் கார்டு வாங்கி, ஆள் எதற்கு என்ற திமிரில் நானே மாட்டினேன். திரை இருண்டே கிடந்தது. என் முதல் பெரிய ஆர்டர்காரர் அன்று மாலையே படம் பார்க்க வருவதாக இருந்தார்.

வேறு வழியில்லாமல் கூப்பிட்ட கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார். நரைத்த மீசை, சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர். கம்ப்யூட்டரைத் தொடும் முன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடி நின்றார்.

"சாமி கும்புடறீங்களா?" என்றேன்.

"இல்லீங்க. ஒடம்புல இருக்கற கரண்டு கார்டுல பாஞ்சரக் கூடாதுங்க. அதான் கம்பியில எறக்கறேன்."

கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார். அடியில், பெட்டிக்குள் செருகும் பொன்னிறப் பற்களின்மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன.

"பூசை போட்டீங்களாட்ட இருக்குதுங்க?"

"புது வண்டிக்கு வெக்கற மாதிரி வெச்சுட்டேனுங்க" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் சிரிக்கவில்லை. பள்ளிக்கூட ரப்பரால் பல் பல்லாகத் தேய்த்து மாட்டினார். பிறகு குங்குமத்தைக் கேட்டு வாங்கி, பெட்டியின் முகப்பில் தானே ஒரு பொட்டு வைத்தார்.

"வெளிய வெச்சா ஒண்ணும் பண்ணாதுங்க. இப்பச் சுச்சைப் போடுங்க."

போட்டேன். திரை விழித்தது, என் லாரி வந்து நின்றது. சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தேன். அவர் மறுபடியும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடி நின்றிருந்தார்.

கார்டுதான் உள்ளே போய்விட்டதே, அப்போது எந்தக் கரண்டை இறக்கினார்?